நுரைத்த குடம்

முதலில் சாயப்பட்டறை முதலாளி அர்த்தநாரி, தொழிலாளர் லைன் வீடுகளின் ஆற்றுக்குழாயை அடைத்தார். அடுத்து உப்புப் படியும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை விட்டார். பிறகு, அதை மென்மையாக்க வந்த இயந்திரத்தைத் தன் பங்களாவுக்குள் பூட்டிக்கொண்டார். “அந்த மெஷின் தண்ணிதான் உங்களுக்கும் வருது” என்ற அவர் பேச்சில் லைன் வீட்டு வேலாத்தாளுக்குத் துளியும் நம்பிக்கையில்லை.

“பொய்யின்னு இப்பவே காட்டு. இல்லாட்டி வீட்டைக் காலி பண்ணு!” என்றார் அர்த்தநாரி, தொழிலாளர் சங்கக் கூட்டத்தின் நடுவே.

“மெது தண்ணியிலதானுங்க சோப்பு நுரைக்கும். எங்க லைன்ல எந்தக் குடத்தையாச்சும் நீங்களே எடுத்தாரச் சொல்லிப் பாருங்க” என்றாள் வேலாத்தாள்.

அவர் கண்ணைக் காட்ட, காவலாள் ஓடிப்போய் ஒரு பித்தளைக் குடத்தோடு வந்தான். அந்தத் தண்ணீரில் வேலாத்தாள் சோப்பைத் தேய்க்க, பொங்கி நுரைத்தது.

“பாத்தியா, லைன் குடம்!”

“யாரு வீட்டுதுங்க? கழுத்துல பேரு வெட்டியிருக்குமே, படிங்க.”

சங்கச் செயலாளர் குடத்தைத் திருப்பி, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார்:

“கு. அர்த்தநாரி.”