குருத்தெலும்புக்குள் ஒரு குடித்தனக்காரன்

"பொறுமை தேஞ்சு போச்சு அம்மா," என்றார் சடையப்பன். "எனக்குப் பூட்டுப் போட்ட ஓர் அறை வேணும்."

கருங்குன்று மடத்தில் பந்தி பரிமாறும் பொறுப்பு அவருடையது. அதற்கு முன் பேருந்து நடத்துநர். படியில் தொங்கியவர்களையெல்லாம் சிரித்துச் சிரித்தே உள்ளே ஏற்றியவர்.

அப்பேர்ப்பட்டவர் அன்று மதியம், இரண்டாம் முறை ரசம் கேட்ட ஒரு பெரியவரிடம், "உங்க வீட்டுல போய்க் கேளுங்க," என்று கத்திவிட்டார். பெரியவர் பாதிச் சோற்றில் எழுந்து போய்விட்டார். அந்த இலையை எடுக்கையில் சடையப்பனுக்கு அழுகை வந்துவிட்டது.

மடத்தை நடத்தும் தவமணி அம்மை அவரைவிட வயதில் இளையவர். துறவுக்கு முன் ஒரு மருத்துவக் கல்லூரியில் மூட்டுகளை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தவர். இப்போது மனிதர்களைப் பார்க்கிறார். பார்வை மட்டும் மாறவில்லை.

"அறைக்குள்ள போனா பொறுமை வளருமா ஐயா?"

"மேற்கொண்டு தேயாம இருக்கும்ல? இல்லேன்னா நான் ஊருக்குக் கிளம்பிடறேன். சாப்பிட வந்தவரை எழுப்பி விடுற ஆள் இந்த மடத்துக்கு ஆகாது."

அம்மை மறுக்கவில்லை. பின்கட்டில் ஓர் அறையைத் திறந்து விட்டார்.

முதலில் சொர்க்கம்தான். ரசம் என்று கூப்பிட ஆளில்லை. சடையப்பன் கால் நீட்டிப் படுத்தார், தியானம் செய்தார், தன் பொறுமையைப் பரணில் ஏற்றிவைத்த பித்தளைப் பாத்திரம்போலப் பத்திரமாக வைத்திருந்தார்.

பிறகு குழாய் சொட்டுவது காதில் விழ ஆரம்பித்தது. பிறகு யாரோ இருமுவது. ஒருநாள் கஞ்சி வரக் கொஞ்சம் தாமதமானதற்குச் சுவரைப் பார்த்துத் திட்டினார்.

மறுநாள் அவரே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டார்.

"பொறுமை பத்திரமா இருக்கா ஐயா?"

"ஒரு பல்லி சத்தம் போட்டுச்சு அம்மா. செருப்பைத் தூக்கிக்கிட்டு அடிக்கப் போயிட்டேன். இருந்ததும் போச்சு."

அம்மைக்குச் சிரிப்பு வந்தது. "உங்க முட்டிக்குள்ள ஒருத்தன் குடியிருக்கான், தெரியுமா?"

"முட்டிக்குள்ளயா?"

"எலும்பும் எலும்பும் உரசாம இருக்க நடுவுல ஒரு மெத்தை இருக்கு. குருத்தெலும்பு. ஜவ்வுன்னு சொல்வீங்களே, அது. அதைக் கட்டுறவன் கண்ணுக்குத் தெரியாத ஒரு செல். அதுக்குள்ளேயே ஒரு சின்ன அறையில தனியா இருக்கான். ரத்தக்குழாய் போகாது. நரம்பு போகாது."

"கொடுத்து வச்சவன்."

"கட்டுறதும் அவன், பழசைக் கரைக்கிறதும் அவன். எவ்வளவு கட்டணும்னு அவனுக்கு யார் சொல்றா?"

சடையப்பன் தலையைச் சொறிந்தார். "நரம்பும் இல்லேங்கிறீங்க. அப்புறம் யாரு சொல்லுவா?"

அம்மை எழுந்து ஒரு காலை அழுத்தி ஊன்றினார். எடுத்தார். மறுபடி ஊன்றினார்.

"பாரம் விழுது, அறை நசுங்குது. ஓகோ, வீட்டுல நடமாட்டம் இருக்குன்னு அவன் வேலையை ஆரம்பிக்கிறான். காலைத் தூக்கினா மூட்டு நீர் உள்ள ஊறுது. அவனுக்குச் சாப்பாடு அதுலதான் வருது."

"நடக்காமலே இருந்தா?"

"யாருக்காகக் கட்டுவான்? மெத்தை மெலிஞ்சுக்கிட்டே போகும்."

சடையப்பன் பின்கட்டு அறையைத் திரும்பிப் பார்த்தார். வெட்கமாக இருந்தது. கூடவே, ஏனென்று தெரியாமல், சந்தோஷமாகவும் இருந்தது.

"பொறுமை செருப்பு மாதிரி தேயும்னுல்ல நினைச்சுட்டேன். இனிமே எல்லாப் பந்தியும் எனக்குத்தான் அம்மா. விடிஞ்சதுலேருந்து ராத்திரி வரைக்கும் ஒத்தை ஆளா நிக்கிறேன்."

"காலை எடுக்காம அமுக்கிக்கிட்டே இருந்தா, கட்டின மெத்தையை அவனே கரைச்சிடுவான்."

"அப்படியும் ஆகாது, இப்படியும் ஆகாதுன்னா அளவுதான் என்னம்மா?"

"மலைக்கு எந்தக் காலால ஏறி வந்தீங்க?"

"ரெண்டு காலாலயும்தான்."

"ரெண்டையும் ஒண்ணாவா ஊனுனீங்க?"

சடையப்பன் பதில் சொல்வதற்குள் அடிவாரத்திலிருந்து ஒரு கூட்டம் பசியோடு வந்து சேர்ந்தது. அவர் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"என்னங்க, ஒரு முருங்கைக்காய்கூட விழல? அடியிலேருந்து அள்ளிப் போடுங்க," என்றாள் ஓர் அம்மாள்.

சடையப்பன் அடியிலிருந்து அள்ளிப் போட்டார்.

"சாம்பாருக்கே இவ்வளவு நேரமா? மோர் வர்றதுக்குள்ள விடிஞ்சுடும்," என்றார் பக்கத்து இலைக்காரர்.

"உக்காருங்க சாமி, உங்களை இறக்கி விடாம வண்டி போகாது," என்றார் சடையப்பன். பந்தியே சிரித்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவரும் சிரித்தார்.

பந்தி முடிந்து அடுத்த பந்தி உட்கார்ந்தது. மறுபடி வாளியைத் தூக்கினார். தோள் வலித்தது. அதற்குள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ரசம் கேட்டார்கள்.

பின்னாலிருந்து ஒரு கை வாளியின் பிடியைப் பற்றியது. தவமணி அம்மை.

"விடுங்க ஐயா."

"எனக்கு ஒண்ணும் இல்ல அம்மா. நான் பார்த்துக்கிறேன்."

"கத்துற வரைக்கும் ஒண்ணும் இருக்காது."

அம்மை காவிச் சேலையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாளியை வாங்கினார். காலியாயிருந்த ஓர் இலையைக் காட்டினார்.

"உக்காந்து சாப்பிடுங்க. இப்ப இந்தக் கால் ஊனட்டும்."