கல்லில் ஏறிய அரசர்

கொட்டாவி விடாமல் கேளுங்கள், பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். குமிழிநாட்டில் முன்னொரு காலத்தில் வேங்கைமாறன் என்றொரு அரசர் இருந்தார். நல்லவர்தான். அவசரக்காரர், அவ்வளவுதான்.

அந்த நாட்டு ஏரித் தண்ணீருக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் வயலுக்கு எப்போது என்று ஊர்ச்சபை விதி போடும். அதன்படி அரசர் மதகைத் திறப்பார். தகராறு வந்தால் சாத்தனார் என்ற நியாயாதிபதி விசாரிப்பார்.

“ஒரு மதகைத் திறக்க இத்தனை பேரா? எனக்கென்ன மூளை இல்லையா?” என்று அலுத்துக்கொண்டார் அரசர். சபையைக் கலைத்தார். சாத்தனாரை வீட்டுக்கு அனுப்பினார். இனி விதியும் நானே, மதகும் நானே, விசாரணையும் நானே என்றார்.

கொஞ்ச நாள் எல்லாம் சட்டென்று நடந்தது. பிறகு புகார்கள் வந்தன. எரிச்சலில் ஒரு விதி போட்டார்: குறை சொல்கிறவருக்குத் தண்ணீர் கிடையாது. நாடே அமைதியாகிவிட்டது. ஜனங்கள் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

ஒரு நாள் காலை, கடைமடையிலிருந்து வெள்ளையம்மா என்ற உழவுக்காரி வந்தாள்.

“மகாராஜா, என் முறை முடியுமுன்னே மதகை மூடிட்டீங்க. நெல்லு பால் பிடிக்கிற நேரம். இன்னிக்குத் தண்ணி இல்லேன்னா எனக்கு வைக்கோல்தான் மிச்சம்.”

“குறை சொன்னாய் அல்லவா? உன் முறை போயிற்று.”

“இது குறை இல்லே, வழக்கு. உங்க மேலதான். கல்லுல ஏறுங்க.”

அந்த நாட்டில் யார் மீது வழக்கோ அவர் வழக்குக் கல்லில் ஏறி நிற்க வேண்டும். நிற்கும்வரை அவர் உத்தரவு செல்லாது. எதிரே உள்ள நியாயாதிபதி ஆசனத்திலிருந்து தீர்ப்பு வருமுன் இறங்கினால், குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

“எனக்கென்ன பயம்?” என்று விறைப்பாக ஏறினார் அரசர். ஏறிய பிறகுதான் ஆசனத்தைப் பார்த்தார். காலி. அதில் உட்கார வேண்டியவரும் அவரேதான்!

“வழக்கைத் தள்ளுபடி செய்கிறேன்!” என்றார். காவலர்கள் கூட அசையவில்லை.

வெயில் ஏறியது. கால் கடுத்தது. இறங்கவோ மனம் வரவில்லை.

“நீங்க எவ்வளவு நேரம் வேணா நில்லுங்க மகாராஜா. என் பயிர் நிக்காது” என்றாள் வெள்ளையம்மா.

அரசருக்கு அப்போதுதான் உறைத்தது. தன் பக்கம் நியாயமே இருந்தாலும், அதைச் சொல்ல நாட்டில் ஒருவரும் இல்லை. “யாராவது சாத்தனாரைக் கூட்டி வாருங்களேன்” என்று கெஞ்சினார்.

சாத்தனார் வந்தார். அமர்ந்தார். இரு பக்கமும் கேட்டார்.

“மதகை முன்னதாக மூடியது தப்பு. குறை சொன்னவளைத் தண்டிக்கும் விதி செல்லாது. இறங்கிப் போய்த் திறங்கள்.”

தோற்றுப்போன அரசர் ஏரிக்கரைக்கு நடந்தார். தன் கையாலேயே மதகுப் பலகையைத் தூக்கினார். கடைமடைக்குத் தண்ணீர் பாய்ந்த பிறகு, ஊர்ச்சபையைத் திரும்பக் கூட்டச் சொன்னார்.

சட்டம் போடும் வாயும், அதை நடத்தும் கையும், வழக்கைக் கேட்கும் காதும் ஒரே ஆளுடையதாக இருந்தால், அவர் எவ்வளவு நல்லவரானாலும் நாட்டில் யாருக்கும் நியாயம் கிடைக்காது, அவருக்கும் சேர்த்துத்தான்.