மாடி வீட்டுப் பித்தளை விடுதி

ஏரிக்கரை நாணலில் இரண்டு சில்லைக் குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. ஆண் குருவி நாணப்பன், பெண் குருவி செவ்வந்தி. கூடு பாதி முடிந்திருந்தது.

"முட்டை வந்துட்டா எங்கேயும் நகர முடியாது. அதுக்குள்ள ரெண்டு நாள் பட்டணம் பாத்துட்டு வந்துடலாங்க" என்றது செவ்வந்தி.

எங்கே தங்குவது? ஏரிக்குத் தண்ணீர் குடிக்க வந்த பட்டணத்துக் காகத்திடம் கேட்டன.

"பழைய அரிசி மில் ஒண்ணு இருக்கு. ஓட்டுக்கு அடியில தங்கிக்கலாம். கொஞ்சம் ஒழுகும்" என்றது காகம்.

"ஆசையா ஊர் பாக்கப் போறோம், ஒழுகற எடத்துலயா தங்கறது?" என்று நாணப்பன் முகம் சுளித்தது.

பட்டணத்தில் ஒரு மாடி வீட்டு முகப்பில் அது தேடிய இடம் கிடைத்தது. பளபளக்கும் பித்தளைக் கம்பிகள், வரிசையாக மூன்று அறைகள். முதல் அறையில் ஒரு கிழட்டுக் கிளி ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தது. மற்ற இரண்டும் காலி. நடு அறையின் கதவு திறந்திருந்தது.

விசாரிப்பதில் நாணப்பனை மிஞ்ச ஆளில்லை.

"சாப்பாடு எப்படிங்க?"

"மூணு வேளையும் வரும். தினை, கொய்யாப்பழம்."

"குளிக்க?"

"பித்தளைக் கிண்ணம். தினமும் புதுத் தண்ணி."

"பூனை தொல்லை?"

"உள்ளே வரவே முடியாது!"

"நீங்க எத்தனை நாளா இருக்கீங்க?"

"ஏழு வருஷம்."

நாணப்பன் மனைவியைப் பெருமையாகப் பார்த்தது. "கேட்டியா? நல்லா இல்லைன்னா ஏழு வருஷம் இருப்பாங்களா?"

செவ்வந்திக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. "நாங்க ரெண்டே நாள்ல கிளம்பிடுவோம். பரவாயில்லையா?" என்று கேட்டது.

கிளி தலையைக் குனிந்துகொண்டது. "கொய்யா ரொம்ப இனிப்பா இருக்கும்" என்றது.

நாணப்பன் உள்ளே தாவியது. தினைக் கிண்ணத்தில் கால் வைத்ததும் பின்னால் கதவு தடாலென்று விழுந்தது. உள்ளிருந்து நாணப்பனும் வெளியிலிருந்து செவ்வந்தியும் முட்டி மோதின. கம்பி அசையவில்லை.

"முதல்லயே ஏன் சொல்லலை?" என்று கதறியது செவ்வந்தி.

"பேச ஆளே இல்லம்மா. ஏழு வருஷமா ஒருத்தர்கூட இல்லை" என்றது கிளி.

நான்கு நாள் செவ்வந்தி அந்தக் கம்பியை விட்டு நகரவில்லை. ஐந்தாம் நாள் முட்டையிடும் வேளை நெருங்கிவிட்டது. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பாதிக் கூட்டுக்குப் பறந்து போனது. அது தனியாக என்ன பாடுபட்டிருக்கும்! நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது.

அந்த மாதமே கிளி செத்துப் போனது. நாணப்பன் தனியாக இருந்தது.

ஒருநாள் இரண்டு சிட்டுக்குருவிகள் வந்து கம்பியருகே உட்கார்ந்தன. "அண்ணே, இந்த விடுதி எப்படி?" என்று கேட்டன.

மூன்றாவது அறையின் கதவு இப்போது திறந்திருந்தது. நாணப்பன் அதையே வெகுநேரம் பார்த்தது. ஓடிப் போங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தது.

"சாப்பாடு மூணு வேளையும் வரும்" என்றது.

ஓர் இடத்தை ஒருவர் புகழ்ந்தால், நினைத்தபோது அங்கிருந்து வெளியே போக அவரால் முடியுமா என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.