காற்று இறங்கும் இடம்

“வரைய இந்த ஊரில் ஒன்றுமே இல்லை டீச்சர்.”

சைக்கிளை விட்டு இறங்காமலேயே சொன்னார் சடகோபன். தமிழ்ப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்திணையைப் பல்லாண்டு நடத்தியவர்.

அவருக்கு ஓவியம் கற்றுத்தரும் தமயந்தி டீச்சருக்கு அவர் வயதில் பாதிதான். தினமும் காலையில் சைக்கிளில் கிளம்ப வேண்டும். எங்காவது நின்று ஒரு படம் வரைந்துவிட்டு வீடு திரும்ப வேண்டும். டீச்சர் கொடுத்த ஒரே பாடம் இது.

டீச்சர் அப்போது டீக்கடை எதிரில் தரையில் உட்கார்ந்து, தூங்கும் நாயொன்றை வரைந்துகொண்டிருந்தார்.

“மலை இருக்கே சார்?”

“மின்கம்பி குறுக்கே வருது.”

“குளம்?”

“வெயில் கண்ணைக் குத்துது.”

“வயல்?”

“அறுத்துட்டாங்க.”

சடகோபன் தாளைத் திறந்து காட்டினார். வெள்ளை. அவர் நடத்திய ஐந்து திணைகளில் பாலை மட்டும் அங்கே குறையின்றி அமைந்திருந்தது.

“ஒரு மாசமா இப்படித்தான். இதைவிட நல்ல இடம் அடுத்த திருப்பத்துல வரும்னு தோணுது. போறேன். கடைசில வீடு வந்துடுது.”

“நாளைக்கு வரைஞ்சா போச்சு. என்ன அவசரம்?”

“இன்னிக்கும் வெறுந்தாளோட போனா, நாளையிலேருந்து குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். வீட்டம்மா வாக்கு கொடுத்துட்டா. விடிஞ்சா தண்ணி மோட்டார் பஞ்சாயத்து.”

சடகோபன் வெறுந்தாளை மூடினார்.

“சின்ன வயசு ஆசை டீச்சர். கிடைச்சதே இந்தக் காலை நேரம்தான்.”

நாய் ஒரு காதை அசைத்தது. டீச்சர் அதையும் வரைந்தார்.

பிறகு எழுந்து, சடகோபனின் சைக்கிளில் கட்டியிருந்த பம்ப்பைக் கழற்றித் தன் பையில் போட்டார். குனிந்து, பின்சக்கர வால்வை லேசாகத் தளர்த்தினார்.

ஸ்ஸ்ஸ்.

“ஐயையோ! என்ன டீச்சர் இது?”

“சக்கரம் எங்கே உட்காருதோ, அங்கே நீங்களும் உட்காருங்க.”

“சாக்கடைப் பக்கமா உட்கார்ந்துட்டா?”

“ஒரு கையால மூக்கைப் பொத்திக்குங்க. வரைய ஒரு கை போதும். சீக்கிரம் கிளம்புங்க சார், இல்லேன்னா என் நாயைத்தான் வரையணும்.”

சடகோபன் பறந்தார்.

குளத்தங்கரையில் ஒரு மீன்கொத்தி, படத்துக்கு நிற்பதுபோல் கம்பத்தில் அமர்ந்திருந்தது. அவர் கால் தானாகத் தரையைத் தேடியது. ஆனால் சக்கரத்தில் இன்னும் காற்று இருந்தது. குருவின் சொல். மிதித்தார்.

புளியமரத்தடியில் ஒருவர் கண்ணாடியே இல்லாமல் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். மிதித்தார்.

நிற்கக் கூடாது என்றதும் எல்லாமே அழகாகிவிட்டது. அதுதான் கொடுமை.

சக்கரம் ஒரு மாவு மில் வாசலில் உட்கார்ந்தது.

மலையில்லை, குளமில்லை. டப்பாக்களும் வாளிகளும் வரிசையில் நின்றன. அவற்றின் சொந்தக்காரிகள் படியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள்.

வேறு வழியில்லை. வரைந்தார்.

“சார், அந்தப் பச்சை வாளி என்னுது. நசுங்கினது தெரியாம போடுங்க.”

“அந்த நசுங்கல் ஒண்ணுதாம்மா ஒழுங்கா வந்திருக்கு.”

“இந்தக் குண்டு மூக்கு யாருது? நானா?”

“அது மிளகாய் டப்பா மூடிம்மா.”

படியெங்கும் சிரிப்பு. மில்காரர் எட்டிப் பார்த்தார். புருவம் வரை மாவு.

“என்னையும் போடுங்க சார்.”

“உங்களுக்குத் தாளைத் தொடவே வேண்டியதில்லை. அப்படியே வெள்ளையா விட்டிருக்கேன், பாருங்க.”

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பியவர், வழியில் முகச்சவரக்காரரைத் தேடினார். அவர் போயிருந்தார். மீன்கொத்தியும்தான்.

கோணலான அந்தப் படத்தை வீட்டில் மனைவி மரகதவல்லி வெகுநேரம் பார்த்தார். ஒருமுறை சிரித்தார். பிறகு போனை எடுத்தார்.

“செயலாளருக்கு வேற ஆளைப் பாருங்க. இவருக்குக் காலையில வேலை இருக்கு.”

மறுநாள் டீக்கடை எதிரில் டீச்சர் பம்ப்பை நீட்டினார்.

சடகோபன் வாங்கவில்லை. கடையில் காற்றடித்த பின்சக்கரம், அவர் கைபட்டு ஏற்கெனவே சீறிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து, முன்சக்கர வால்வையும் தளர்த்தினார்.

“அது எதுக்கு சார்?”

“நேத்து ரொம்ப தூரம் போயிட்டேன் டீச்சர்.”