பாடத்திலிருந்து எடுத்த நாவல்

எம்.ஏ. தமிழ் முதலாண்டு மாணவி மாரிச்செல்வி, டி.சி. கேட்டு விண்ணப்பத்தோடு வந்து நின்றாள். தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. நாவல் படிப்பதற்குப் பட்டமே தருகிறார்கள், கரும்பு தின்னக் கூலி என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டுச் சேர்ந்தவள் அவள்.

“என்னாச்சு?” என்றார் பேராசிரியை மெய்யம்மை.

“கெமிஸ்ட்ரி புக்குக்குள்ள கதைப் புத்தகம் வச்சுப் படிச்சு அடி வாங்கினவ மேடம் நான். இப்போ இந்த நாவல்ல பத்துப் பக்கம் தாண்ட முடியல. எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல.”

“அந்தப் பத்துப் பக்கத்துல என்ன நடக்குது?”

“கடல் நிலையாமையின் குறியீடு. அஞ்சு மார்க்குக்கு வரும்.”

மெய்யம்மைக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. அவள் கையிலிருந்த பிரதியை வாங்கிப் பார்த்தார். பத்துப் பக்கமும் மார்க்கரால் மஞ்சளாகக் கிடந்தன.

“விஷயம் தெரியாதா? இதைப் பாடத்திலிருந்து எடுத்தாச்சு.”

“அப்போ படிக்க வேண்டாமா?”

“வேண்டாம். உன் புத்தகம் இங்கேயே இருக்கட்டும்.” மேசையிலிருந்த, கோடு படாத இன்னொரு பிரதியை எடுத்து நீட்டினார். “ இந்த லைப்ரரி பிரதியைப் போற வழியில கொடுத்திடு.”

நூலகம் பூட்டியிருந்தது. பேருந்தில் சும்மாதான் பிரித்தாள். வேண்டாம் என்றதைத்தானே கை தேடிப் போகும். இறங்க வேண்டிய இடம் போய், அதற்கப்புறம் மூன்று நிறுத்தமும் போய்விட்டது.

மூன்றாம் நாள் கோபமாக வந்தாள்.

“நாவலைப் பாடத்திலிருந்து யாருமே எடுக்கலையாம். திங்கட்கிழமை பரீட்சையாம். வகுப்பே என்னைப் பார்த்துச் சிரிக்குது. ஏன் மேடம் பொய் சொன்னீங்க?”

“எவ்வளவு படிச்சிருக்க?”

“இன்னும் நாப்பது பக்கம்.” அவளுக்கு அழுகை முட்டியது. “எல்லாம் கெட்டுப்போச்சு. இனிமே இதைப் பரீட்சைக்குப் படிக்கணுமா, எனக்காகப் படிக்கணுமா? குறிப்பு எடுக்கவா, வேண்டாமா? ஒண்ணுமே புரியல மேடம்.”

மெய்யம்மை கேட்டார்.

“கடலுக்குப் போனானே லூர்து, கரை சேர்ந்தானா?”

“இன்னும் இல்ல. புயல் அடிக்குது. அவன் பொண்டாட்டி கைப்பிள்ளையோட கரையிலேயே நிக்கிறா.”

“அப்புறம் நீ இங்க என்ன பண்ணிக்கிட்டிருக்க?”