தூசிக்கு ஒரு கட்டி வெல்லம்

"அம்மா, என் வெட்கம் போக ஒரு வழி சொல்லுங்க."

கேட்டவர் ஜம்புலிங்கம். எழுபது வயது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு கம்பெனியில் முப்பது வருஷம் சூப்பர்வைசர்.

அடிவாரத்து மடத்து அம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

காணிக்கையாக ஒரு பொட்டலம் வெல்லம் கொண்டுவந்திருந்தார் ஜம்புலிங்கம். பழக்க தோஷம். அவர் வந்த பஸ் வெளியே நின்றிருந்தது, அரை மணி கழித்துத் திரும்பும்.

"என்ன வெட்கம்?"

"எங்க கம்பெனியில சூசைன்னு ஒருத்தர். இருமி இருமியே போய்ச் சேர்ந்துட்டார். அவர் சம்சாரம் மரியபுஷ்பம் இப்ப ஆஸ்பத்திரியில கிடக்கு. நுரையீரலைச் சுத்தியிருக்கிற சவ்வுல புற்றுநோயாம். மீசோதீலியோமான்னு பேரு."

"போய்ப் பார்த்தீங்களா?"

"சாத்துக்குடி வாங்கிட்டுப் போனேன். நான் நிக்கறப்பவே டாக்டர் கேட்டார். 'ஆஸ்பெஸ்டாஸ் தூசி பட்டிருக்காம்மா? முப்பது நாப்பது வருஷத்துக்கு முந்தின்னாலும் சொல்லுங்க'ன்னார். 'நான் வேலைக்கே போனதில்லையே'ன்னுச்சு அந்தம்மா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சாத்துக்குடியை உரிச்சுக் கொடுத்தேன்."

அம்மை கீரையை ஒதுக்கி வைத்தார்.

"வேலைக்கே போகாதவங்களுக்குத் தூசி எப்படிப் போச்சு?"

"சூசை உடம்பெல்லாம் வெள்ளையா தூசியோட வீட்டுக்குப் போவார். வாசல்ல நின்னு சட்டையை உதறித் துவைக்கிறது அந்தம்மாதான். தினமும்."

"கம்பெனியில குளிக்க இடம் இல்லையா?"

"இருந்தது. சாவி என்கிட்ட. தண்ணி வீணாகுதுன்னு பூட்டி வச்சேன். இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்கு மட்டும் திறப்பேன்."

"உங்க சட்டை?"

ஜம்புலிங்கம் தரையைப் பார்த்தார்.

"நான் அங்கேயே குளிச்சு, மாத்திக்கிட்டுத்தான் கிளம்புவேன். வீட்ல பச்சைக் குழந்தைங்க இருந்துச்சு."

முழுப் பூசணிக்காயை இத்தனை வருஷம் சோற்றில் மறைத்து வைத்திருந்த மனுஷர். வாய்விட்டுச் சொன்னபோதுதான் அதன் பருமன் அவருக்கே தெரிந்தது. 

"சூசை வீட்ல குழந்தை?"

"ஒரே பொண்ணு, செலின். அப்பா வந்ததும் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கும். இப்ப அம்மா பக்கத்துல அதுதான் உக்காந்திருக்கு. தன் உடம்பையும் சோதிச்சுப் பார்க்கணும்னு அதுக்குத் தெரியாது."

"அந்தக் காலத்துல யாரும் உங்களைக் கேக்கலையா, இந்தத் தூசி உடம்புக்கு ஆகுமான்னு?"

"கேட்டாங்க. ஷிப்டு முடிஞ்சு போறப்ப ஆளுக்கு ஒரு கட்டி வெல்லம் கொடுப்பேன். தின்னா தூசியெல்லாம் கீழ இறங்கிடும்னு சொல்வேன். நம்பித் தின்னாங்க."

"நீங்க தின்னீங்களா?"



வெளியே பஸ்ஸின் ஹாரன் கேட்டது. ஜம்புலிங்கம் எழுந்திருக்கவில்லை.

"ஏதாவது மந்திரம் கொடுங்கம்மா. நாப்பது நாள் விரதம்னாலும் இருக்கேன். அந்தப் பொண்ணு முகத்துல என்னால முழிக்க முடியலை."

மந்திரமும் விரதமும் ஆஸ்பத்திரிக்குப் போய் உண்மையைச் சொல்வதைவிட எத்தனையோ சுலபம். அது அவருக்கும் தெரியும்.

அம்மை அவர் கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு கட்டியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"தின்னுங்க. வெட்கம் கீழ இறங்கிடும்."

பெரியவர் வாயில் போட்டுக்கொண்டார். முதல் தடவையாகத் தின்கிறார். நாக்கில் கரைந்தது, தொண்டையில் இறங்கவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டே அழுதார்.

அம்மை மறுபடி கீரையைக் கையில் எடுத்தார்.

"பஸ் இன்னும் கிளம்பலை. துப்பிட்டு ஓடுங்க."