முள்ளம்பன்றிக்கு ஒரு வெல்வெட் சட்டை

மலையடிவாரக் காட்டில் ஒரு குளம். அந்தக் குளத்தங்கரையில் லூர்து என்ற முள்ளம்பன்றி தனியாக வசித்து வந்தது.

லூர்து நல்ல மனசுக்காரன் என்று காடே சொல்லும். யார் வளைக்குள் மழைத்தண்ணீர் புகுந்தாலும் முதல் ஆளாக ஓடிப்போய் மண் அணைத்துக் கொடுக்கும். பக்கத்து வளை எமிலி முயலின் குட்டிகள், "மாமா! மாமா!" என்று எந்நேரமும் அதன் முதுகில் ஏறிச் சறுக்கி விளையாடும். முள் குத்தாதா என்று கேட்பீர்கள். குத்தாது! மனசு அமைதியாக இருந்தால், முள்ளம்பன்றியின் முட்கள் வாரிவிட்ட தலைமுடி மாதிரி படிந்துதான் கிடக்கும்.

பயமோ பதற்றமோ வந்துவிட்டால்தான் வம்பு. அத்தனை முள்ளும் சிலிர்த்துக்கொண்டு நிற்கும்.

அந்தக் காட்டிலும் கிறிஸ்துமஸ் கொண்டாடுவார்கள். மலைமேல் இருக்கும் தேவாலயத்தில் மணி அடித்ததும், எல்லோரும் குளித்து, அலங்காரம் செய்துகொண்டு, கரையில் நிற்கும் சவுக்கு மரத்தடியில் கூடிவிடுவார்கள். தின்று, ஆடி முடித்ததும் போட்டோ! சவரி என்ற கருமந்தியிடம் ஒரு கேமரா இருந்தது. சுற்றுலா வந்த யாரோ மறந்துவிட்டுப் போனது. அமுக்கினால் உடனே படத்தை வெளியே துப்பும். அந்தப் படம் அடுத்த கிறிஸ்துமஸ் வரை சவுக்கு மரத்தில் தொங்கும்.

லூர்துவுக்கு அந்தப் படம் என்றாலே பயம்.

"எல்லாரும் இங்க பாருங்க!" என்று சவரி சொல்ல வேண்டியதுதான். 'நான் நல்லா இருக்கேனா? மூக்கு பெருசா தெரியுமோ?' என்று லூர்துவின் மனசு படபடக்கும். முட்கள் சிலிர்த்துவிடும். "ஐயோ, குத்துது!" என்று அக்கம்பக்கத்தில் நிற்பவர்கள் நகர்ந்துகொள்வார்கள். படத்தில் எல்லோரும் ஒட்டி நிற்க, லூர்து மட்டும் ஓரத்தில் தனியாக, கோபக்காரன் மாதிரி விறைத்து நிற்கும். தண்ணீர் குடிக்க வரும்போதெல்லாம் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால் அன்று முழுக்க அதற்குச் சாப்பாடு இறங்காது.

இந்த முறை எப்படியாவது நடுவில் நிற்க வேண்டும் என்று அது தீர்மானித்தது. நேராகத் தையல்சிட்டு ரோஸிடம் போனது.

"ரோசு, எனக்கு ஒரு சட்டை தைச்சுக் குடு. முள்ளே தெரியக் கூடாது!"

ரோஸ் தலையைச் சாய்த்துப் பார்த்தது. "சட்டை தைக்கறது எனக்குப் பெரிய வேலையில்லண்ணே. ஆனா உங்க முள்ளு துணியைச் சும்மா விடுமா?"

"நீ நினைச்சா முடியும் ரோசு!"

இப்படிச் சொன்னால் எந்தத் தையல்காரிதான் மாட்டேன் என்பாள்? காற்றில் பறந்து வந்து புதரில் சிக்கிய சிவப்பு வெல்வெட் துணி ஒன்று ரோஸிடம் இருந்தது. அதை வெட்டித் தைத்து லூர்துவுக்குப் போட்டுப் பார்த்தது. பர்ரென்று முதுகில் கிழிந்தது!

லூர்துவின் முகம் வாடிவிட்டது. ரோஸுக்கு மனசு கேட்கவில்லை. தன் கூட்டுக்காகச் சேர்த்து வைத்திருந்த பஞ்சை எடுத்து வந்தது. ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் பஞ்சை உருட்டி வைத்து, வேப்பம்பிசினால் ஒட்டியது. பிசின் காய்ந்ததும் முட்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படிந்துவிட்டன. கிழிந்த இடத்துக்கு ஒட்டுப் போட்டு, மேலே வெல்வெட் சட்டையை மாட்டி, கழுத்தில் வெள்ளைப் பஞ்சால் பட்டையும் வைத்தது.

லூர்து குளத்தில் எட்டிப் பார்த்தது. குண்டாக, சிவப்பாக, மெத்தென்று ஒரு உருவம் தெரிந்தது. ஒரு முள் கூட இல்லை!

"இது நானா?" என்றது. அதன் கண் கலங்கிவிட்டது.

"நீங்கதாண்ணே! ஆனா ஒண்ணு. படம் எடுக்கற வரைக்கும் உக்காரக் கூடாது, படுக்கக் கூடாது, சொறியக் கூடாது. தண்ணிப் பக்கம் போகவே கூடாது. பிசின் ஊறிடும்!"

கிறிஸ்துமஸ் அன்று லூர்து சவுக்கு மரத்தடிக்கு மெல்ல மெல்ல நடந்து வந்தது. எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

"லூர்தண்ணே, கல்யாண மாப்பிள்ளை தோத்தான் போங்க!" என்றது எமிலி.

லூர்துவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அன்று அது பட்ட பாட்டை அதனிடம்தான் கேட்க வேண்டும். எல்லோரும் உட்கார்ந்து பலகாரம் தின்றார்கள். அது நின்றுகொண்டே இருந்தது. எல்லோரும் ஆடினார்கள், அது சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதுகு அரித்தது. வெல்வெட்டுக்குள் வெந்து போயிற்று.

எமிலியின் கடைக்குட்டி சகாயம் துள்ளிக்கொண்டு ஓடி வந்தது. அதன் கையெல்லாம் வெல்லப்பாகு.

"மாமா, சறுக்கு விளையாடலாமா?"

"தள்ளிப் போ! சட்டை கசங்கிடும்!"

"ஒரே ஒரு தடவை மாமா!"

"போன்னு சொல்றேன்ல!" என்று லூர்து கத்திவிட்டது.

சகாயம் இதுவரை மாமாவிடம் திட்டு வாங்கியதே இல்லை. அதன் காதுகள் இரண்டும் தொங்கிப் போயின. கோரைப்புல் பக்கமாகத் தனியே நடந்து போனது. 'படம் எடுத்து முடிச்சதும் சமாதானம் பண்ணிக்கலாம்' என்று லூர்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. சொன்னதே தவிர, மனசு உறுத்தியது.

சற்று நேரம் கழித்து, கோரைப்புல்லுக்குள் இருந்து ஒரு கீச்சுக்குரல்.

"மாமா!"

"அம்மா!" என்று கத்தவில்லை, "மாமா!" என்றுதான் கத்தியது. லூர்து ஓடியது. சட்டை காலைத் தடுக்கியது. விழுந்து எழுந்து ஓடியது. கோரைப்புல்லைத் தாண்டியதும் பார்த்தது. ஒரு காட்டுப்பூனை, சகாயத்தைத் தண்ணீர் ஓரத்தில் மடக்கி நிறுத்தியிருந்தது!

"விடு அதை!" என்றது லூர்து.

காட்டுப்பூனை திரும்பிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தது. "யாரடா இது? தலையணைக்குக் கால் முளைச்சு வந்திருக்கு!"

லூர்து முட்களைச் சிலிர்க்கப் பார்த்தது. முடியவில்லை! பிசின் இறுக்கிப் பிடித்திருந்தது. காட்டுப்பூனை நகத்தை நீட்டி ஒரே இழுப்பு. வெல்வெட் கழுத்திலிருந்து இடுப்பு வரை கிழிந்தது.

"முள்ளைக் காணோமே! முதல்ல குட்டியைத் தின்னட்டுமா, உன்னைத் தின்னட்டுமா?"

அப்போதுதான் ரோஸ் சொன்னது லூர்துவின் நினைவுக்கு வந்தது. தண்ணீர் பட்டால் பிசின் ஊறிவிடும்!

லூர்து யோசிக்கவே இல்லை. தொபுக்கென்று குளத்தில் குதித்தது. முங்கியது. புரண்டது. உடம்பை உதறியது. பிசின் இளகியது. கொத்துக்கொத்தாகப் பஞ்சு மிதந்தது. வெல்வெட் நழுவிச் சேற்றில் விழுந்தது. சகாயத்தின் மேல் பாயப் பதுங்கிய காட்டுப்பூனையின் முன்னால் லூர்து கரையேறி நின்றபோது, அதன் ஒவ்வொரு முள்ளும் ஈட்டி மாதிரி எழுந்து சலசலத்தது.

"இப்பச் சிரி பார்ப்போம்!" என்று, முதுகைக் காட்டிப் பின்பக்கமாகவே பாய்ந்தது.

காட்டுப்பூனையின் மூக்கில் ஏறின முட்கள்! "ஆத்தாடி!" என்று அலறிக்கொண்டு அது காட்டுக்குள் ஓடியது. அப்புறம் அந்தக் குளத்துப் பக்கம் அது தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

சத்தம் கேட்டு எல்லோரும் ஓடி வந்தார்கள். எமிலி குட்டியைக் கட்டிக்கொண்டு அழுதது. லூர்து தலையைக் குனிந்துகொண்டு ரோஸிடம் போனது.

"உன் கூட்டுப் பஞ்சையெல்லாம் பாழாக்கிட்டேன் ரோசு. துணியும் போச்சு."

"பஞ்சு கிடக்குதுண்ணே! இன்னும் எத்தனை பஞ்சு வேணும்னாலும் பொறுக்கிக்கலாம்" என்றது ரோஸ்.

"வெளிச்சம் போகுது! போட்டோவுக்கு வாங்க!" என்று சவரி கூப்பிட்டது.

"நீங்க எடுத்துக்குங்க. நான் வரலை" என்றது லூர்து. உடம்பெல்லாம் சேறு. முட்களில் ஈரப்பஞ்சு அங்கங்கே தொங்கியது. இந்தக் கோலத்தில் எப்படிப் போய் நிற்பது?

ஆனால் சகாயத்தின் நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. அம்மாவின் கையிலிருந்து இறங்கி லூர்துவின் வயிற்றோடு வந்து ஒட்டிக்கொண்டது. லூர்து கீழே உட்கார்ந்தது.

"மாமா உன்னைத் திட்டினது தப்புடா சகாயம்."

"பூனை திரும்ப வருமா மாமா?"

"எங்க வரும்? மூக்குல என் முள்ளை வச்சுக்கிட்டு எந்த முகத்தோட வரும்? நீ தும்மினாக்கூட இனி பயந்து ஓடிடும். எங்க, தும்மு பார்ப்போம்!"

சகாயம் தும்மிப் பார்த்தது. அதற்கே சிரிப்பு வந்துவிட்டது. லூர்துவும் சிரித்தது. ஈர முட்கள் ஒவ்வொன்றாகப் படிந்துகொண்டே வந்தன. எமிலி வந்து பக்கத்தில் சாய்ந்துகொண்டது. மற்றக் குட்டிகள் முதுகில் ஏறின. ரோஸ் லூர்துவின் தலையிலேயே உட்கார்ந்தது. மான், கீரி, ஆமை என்று ஒவ்வொருவராக வந்து சேற்றையும் பார்க்காமல் நெருக்கி அடித்து அமர்ந்தார்கள்.

க்ளிக்!

"எப்ப எடுத்தே?" என்று லூர்து திடுக்கிட்டுக் கேட்டது.

"எடுத்தாச்சுப்பா!" என்றது சவரி.

படத்தை எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். லூர்து கேமராவைப் பார்க்கவே இல்லை. குட்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. மூக்கு நுனியில் ஒரு பஞ்சு வேறு. அதையும் மீறி, அந்தப் படத்தில் எல்லோர் கண்ணும் முதலில் போய் நின்றது அந்த முகத்தில்தான்.

"நல்லாத்தான் இருக்கு, இல்ல?" என்று லூர்து கூச்சத்தோடு கேட்டது.

"இதை இந்த வருஷம் நான்தான் மரத்துல கட்டுவேன்!" என்று சகாயம் படத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது.

நாம் எப்படித் தெரிகிறோம் என்ற கவலையை மறந்து அடுத்தவர் மேல் அன்பு வைக்கும்போதுதான், நாம் எல்லோர் கண்ணுக்கும் அழகாகத் தெரிவோம்.